கரப்பான் தின்ற எக்ஸ்ரே அட்டை

ஈப்போவில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அட்டையைக் கரப்பான் தின்றுவிட்டது. முழுதாகத் தின்னவில்லை. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று கடித்து வைத்திருந்தது. அதற்கப்புறம் எடுத்த படங்களில் எல்லாருடைய எலும்பிலும் ஓட்டை தெரிந்தது.

அந்த அட்டையின் ஒரு பக்கத்தில் வெள்ளை மாவு பூசியிருக்கும். எக்ஸ்ரே பட்டால் மாவு ஒளிவிடும். படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டோடு ஒட்டவைத்து இறுக்கினால், அந்த ஒளிதான் படத்தின் பெரும்பங்கை எழுதும். விரல், மணிக்கட்டு போன்ற மெல்லிய இடங்களை அட்டை இல்லாமலே எடுத்துவிடலாம். இடுப்பு, தொடை என்று வந்தால் நடக்காது. ஆள் நெடுநேரம் அசையாமல் கிடக்கவேண்டும், அதற்குள் எக்ஸ்ரே குழாய் சூடேறிவிடும். மாவை அட்டையில் பிடித்து வைப்பது ஜெலட்டின். அதைச் செய்த குளிர் தேசத்துக்காரர்களுக்கு எங்கள் ஊர்ப் புழுக்கமும் தெரியாது, கரப்பானும் தெரியாது. புழுக்கத்தில் பூஞ்சை பிடித்தது. மிச்சம் பூச்சிக்குப் போனது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கப்பலேறி வந்து ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். பிறகு காம்பாரில் காப்பிக்கடை, லகாட்டில் ஈயம் தோண்டும் லம்பத்தில் மண் அள்ளும் வேலை, ஈப்போவில் ஒரு சீனர் போட்டோக் கடையில் பிளேட் கழுவும் வேலை. எங்கேயும் கால் தரிக்கவில்லை. இருட்டறை வேலை தெரியும் என்பதால்தான் டாக்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் யாரையும் 'டா' போட்டுப் பேசமாட்டார்.

அட்டை கெட்ட நேரத்தில்தான் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பால்மரத் தொழிலாளியை மாட்டுவண்டியில் போட்டு அவர் மனைவி கொண்டுவந்தார். பால் வாளியோடு சரிவில் விழுந்தவர். இடுப்பில் வலி. ஆனால் கால் கோணவில்லை, கட்டையாகவும் இல்லை. கம்பைப் பிடித்து எழுந்துகூட நின்றார். அதுதான் வினை. தோட்டத்தில் மருந்து கட்டும் டிரசர் சுளுக்கு என்றார். கங்காணி நடிப்பு என்றார். வெள்ளைக்காரத் துரை ஒரு முடிவு சொல்லிவிட்டார்: மாதக் கடைசிப் பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, இவர் நிற்கவேண்டும். இல்லையென்றால் பேர் வெட்டு, லயத்து வீடு காலி. எலும்பு உடைந்ததைப் படத்தில் காட்டினால் மட்டும் ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொள்வார்.

டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தொடை எலும்பின்ர கழுத்திலதான் வெடிப்பு எண்டு நினைக்கிறன். ஒண்டுக்குள்ள ஒண்டு செருகி நிக்குது. இப்ப படுத்துக் கிடந்தாரெண்டால் ஒட்டும். நடந்தாரெண்டால் விலகிப்போகும். பிறகு ஆயுசுக்கும் நொண்டி."

படம் எடுத்தோம். கரப்பான் தின்ற இடம் சரியாக இடுப்பில் வந்து விழுந்தது.

"இதென்ன, எலும்பிலயோ ஓட்டை, அட்டையிலயோ ஓட்டை?"

"அட்டையிலதான் ஐயா."

"அப்ப இதைத் துரையிட்டக் காட்டி நான் என்னத்தைச் சொல்லுறது?"

அட்டை இல்லாமல் ஒருமுறை எடுத்தோம். வலியில் அவர் நடுங்கினார். படம் பனிமூட்டமாக வந்தது. புது அட்டை கடல் கடந்து வர மாதங்கள் ஆகும்.

டாக்டர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் படித்துச் சொன்னார். அந்த மாவு, சுண்ணாம்பும் டங்ஸ்டன் என்ற உலோகமும் சேர்ந்தது. பூமியில் கல்லாகவும் கிடைக்கிறது. வெள்ளையாக, கனமாக இருக்கும். கேட்டதும் லகாட் லம்பம் ஞாபகம் வந்தது. அங்கே ஈய மண்ணைக் கழுவும்போது ஈயத்தோடு சேர்ந்து ஒரு வெள்ளைக் கல் அடியில் தங்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். அதைப் பொறுக்கி மூலையில் கொட்டுவார்கள்.

"ஐயா, அட்டையை நானே செஞ்சு பாக்கறேன்."

"உமக்கென்ன விசரோ?" என்றார். புத்தகத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "சரி, போய்க் கொண்டுவாரும்" என்றார்.

லகாட்டில் டூலாங் தட்டை வைத்து ஈயம் அலசும் சீனப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "பத்து பூத்தே! தா லாகு!" என்றாள் ஒருத்தி. வெள்ளைக் கல், விலை போகாது என்று அர்த்தம். ஒரு பழைய டூலாங்கையும் கொடுத்து அனுப்பினாள். கல்லைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்து ஈப்போவரை நடந்தேன்.

எது அந்தக் கல், எது வெறும் கல் என்று கண்டுபிடிக்க எக்ஸ்ரேயே உதவியது. கல்லை உடைத்துத் தட்டில் பரப்பி, சன்னலை மூடிவிட்டுக் குழாயைப் போட்டால், வேண்டிய துண்டுகள் மட்டும் இருட்டில் ஒளிவிட்டன. குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைப் பொறுக்கவேண்டும்.

"கையை உள்ளுக்க விட்டீரெண்டால் இண்டைக்கே வேலையால நிப்பாட்டிப்போடுவன்" என்றார் டாக்டர். கொழும்பில் ஒரு எக்ஸ்ரேக்காரரின் கதிர் பட்டு அழுகிய விரல்களை வெட்டி எடுத்ததை அவர் பார்த்திருந்தார். எக்ஸ்ரேயைத் தடுப்பது காரீயம். ஆகவே தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருக்கும் காரீயத் தாளை உரித்து, மடிப்பு மடிப்பாகப் பலகையில் அடித்து அதன் பின்னால் உட்கார்ந்தேன். சீனர்கள் சோறு உண்ணும் குச்சி இரண்டை நீளப் பிரம்புகளின் நுனியில் கட்டி, அதால் பொறுக்கினேன். அப்படியும் வலது கையில் இரண்டு நகம் பிறகு நேராக வளரவில்லை.

தினமும் சாயங்காலம் தொழிலாளியின் மனைவி வருவார். காலையில் தன் மரங்களோடு புருஷன் மரங்களையும் சேர்த்துச் சீவிவிட்டு, போகிற வண்டியில் ஏறிச் சோற்றுச் சட்டியோடு வந்து சேருவார். நான் குச்சியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னா தம்பி, கல்லுல மீ கொழம்பா?" என்பார். மீ, சீனர்கள் குச்சியால் எடுத்து உண்ணும் சேமியா.

"ஆமாக்கா. வெந்ததும் அண்ணனுக்குத்தான் மொதல்ல."

கட்டிலில் கிடந்தவர் கூரையைப் பார்த்தபடி கேட்பார்: "இன்னும் எத்தன படம் எடுத்தா என் எலும்பு ஒட்டும்?"

மாவை ஒட்ட ஜெலட்டின் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன். ரப்பரைப் பெட்ரோலில் கரைத்தால் பசையாகும். பூச்சி கிட்டே வராது. தோட்டத்தில் புகைக்கூண்டில் வாட்டிய ஷீட்டுக்குத்தான் மதிப்பு என்று பழகியவன் ஆகையால் அதையே கரைத்தேன். அட்டை பழுப்பாக வந்தது.

"இதென்ன, பனங்கட்டித் தட்டோ?" என்றார் டாக்டர்.

ஒளி வெளியே வரவேண்டுமானால் பசை வெளுப்பாக இருக்கவேண்டும். புகை காட்டாத கிரேப் ரப்பர் வேண்டும் என்றதும் அந்த அக்கா அடுத்த நாளே மடியில் கட்டிக் கொண்டுவந்தார்.

"திருட்டு இல்ல தம்பி. மெசின் ஓரத்துல வெட்டி உளுறத கூட்டி அள்ளுறோம்லா, அந்தக் குப்ப."

இப்போது மாவு. ஒளிவிட்ட கற்களில் இரண்டு வகை இருந்தன. ஒன்று மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தது. இன்னொன்று நீலமாக மங்கித் தெரிந்தது. யாராயிருந்தாலும் பளிச்சென்றதைத்தான் எடுப்பார்கள். நானும் அதைத்தான் எடுத்தேன். நீலத்தையெல்லாம் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினேன். மருந்துக் கல்வத்தில் மஞ்சளை அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, பசையில் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். இருட்டில் குழாயைப் போட்டுப் பார்த்தபோது அட்டையில் என் சாவிக்கொத்தின் நிழல் பல் பல்லாகத் தெரிந்தது. டாக்டர் என் முதுகில் தட்டினார்.

அன்றைக்கே இடுப்பைப் படம் எடுத்தோம். பிளேட்டைக் கழுவினால் ஒன்றுமில்லை. கரப்பான் தின்ற அட்டையே இதற்கு மேல் என்று தோன்றியது. பிளேட் கழுவும் மருந்து கெட்டதோ என்று புதிதாகக் கலக்கிப் பார்த்தேன். அதுவும் அப்படியே. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் இருட்டறையில் இன்னொரு பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கதவுத் திரைக்கு வெளியே நின்ற அக்கா கேட்டார்: "உள்ளார வெளக்கு எரியுதே தம்பி, படம் கெட்டுப்போவாதா?"

"செவப்பு வெளக்குக்கா. அது பிளேட்டுக்குத் தெரியாது."

"நமக்குத் தெரியுதே."

"நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது" என்றேன். சொன்ன பிறகு கை நின்றது. போட்டோக் கடையில் தினமும் அந்தச் சிவப்பு விளக்கில்தான் வேலை செய்தேன். அது பிளேட்டுக்குத் தெரியாது என்றால், மஞ்சள் மட்டும் என்ன நன்றாகவா தெரியும்? என் கண்ணுக்கு எது பிரகாசம் என்று பார்த்துக் கல்லைப் பொறுக்கினேனே தவிர, பிளேட்டுக்கு எது பிரகாசம் என்று நினைக்கவே இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "சோதிச்சுப் பாரும், சோதிச்சுப் பாரும்!"

தட்டில் ஒட்டியிருந்த நீலத் துணுக்குகள் சிலவற்றையும் மஞ்சள் துணுக்குகள் சிலவற்றையும் இருட்டில் ஒரு பிளேட்டின் மேல் வைத்துக் குழாயைப் போட்டோம். கழுவியபோது நீலம் இருந்த இடங்களில் மையைத் தொட்டு வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். மஞ்சள் இருந்த இடங்களில் வெறும் சாம்பல் கறை.

அதுவரை எல்லாம் சரி. நீலக் கல் சாக்கடையில் கிடந்தது. நடுவில் இரண்டு மழை பெய்திருந்தது. மறுபடி லகாட்டுக்குப் போய் உடைத்துப் பொறுக்க நாள் இல்லை. லகாட்காரி கொடுத்த டூலாங்கை எடுத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினேன். அக்காவும் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கி, மண்வெட்டியால் சேற்றை அள்ளித் தட்டில் போட்டார். கனமான கல் தட்டின் நடுவில் தங்கும், சேறும் மணலும் சுழன்று வெளியே போகும். ஈயம் அலசுவதும் இதே வேலைதான். அதனால் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"என்னா அண்ணே, ஆசுபத்திரி சாக்கடையில ஈயமா?"

"ஈயம் இல்ல, இடுப்பெலும்பு" என்றார் அக்கா நிமிராமலே.

ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை செய்ய அது போதும். முழு இடுப்பும் வேண்டாம், எலும்பின் கழுத்து மட்டும் விழுந்தால் போதும் என்றார் டாக்டர். விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து, தோலில் மையால் ஒரு வட்டம் போட்டார். அதற்கு நேர் கீழே அட்டையையும் பிளேட்டையும் செருகினேன். மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவருக்கு நடுக்கம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சிவப்பு விளக்கில் படம் ஏறியது. உள்ளங்கை அகலத்தில் தொடை எலும்பின் தலை, கழுத்து. கழுத்தின் குறுக்கே ஒரு நரம்புபோல ஓடிய கோடு. டாக்டரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"நீர் செய்த அட்டையில கீறல் ஏதும் இல்லைத்தானே?"

"இல்லய்யா." அட்டையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்து இன்னொன்று எடுத்தோம். கீறல் அட்டையில் என்றால் கோடு இடம் மாறியிருக்கும். அது எலும்பில் அதே இடத்தில்தான் இருந்தது.

பெரட்டு அன்று பிளேட்டை நானே கொண்டுபோனேன். வண்டியில் அனுப்பினால் உடையும். கைலியில் சுற்றி மார்போடு அணைத்து இருட்டிலேயே நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கணக்கெழுதும் கிராணி பேர் படித்துக்கொண்டிருந்தார். அடிபட்டவர் பேர் வந்தது. பதில் இல்லை. அக்கா தன் இடத்திலிருந்து கையைத் தூக்கினார்: "ஆசுபத்திரி தொரே! படம் வந்துருச்சு!"

நான் பிளேட்டைத் துரை கையில் கொடுத்தேன். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வானமே இன்னும் வெளுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிதான் தெரிந்தது. லாந்தரை வைத்துப் பார்த்தார். சுடர் மட்டும் தெரிந்தது.

"கண்ணாடிய காட்டி ஏமாத்துறானுங்க தொரே" என்றார் கங்காணி.

"வெளிச்சம் வரட்டும் தொரே" என்றேன். "வெளிச்சம் வந்தா தெரியும்."

துரை பிளேட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆட்களை மரம் சீவக் காட்டுக்கு அனுப்பவில்லை. வரிசை அப்படியே நின்றது. பால் ஓடுகிற நேரம் போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் வானம் முதலில் சாம்பலாகி, பிறகு வெளுத்தது. துரை மறுபடி தூக்கிப் பிடித்தார். டிரசரைக் கூப்பிட்டுக் காட்டினார். டிரசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டினார்.

"ஒடஞ்சி போச்சி" என்றார் துரை தன் தமிழில். கிராணியின் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரி எழுது."

வரிசை கலைந்தது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு கங்காணியைத் தாண்டும்போது நின்றார். "நடிப்புன்னீங்களே அண்ணே, எலும்பு நல்லா நடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு மரங்களுக்குள் போய்விட்டார். புருஷன் மரங்களையும் அவர்தான் சீவவேண்டும்.

அந்த மனிதர் மாதங்கள் கழித்து நடந்தார். மழைக்காலத்தில் கொஞ்சம் இழுக்கும் என்று கேள்விப்பட்டேன். ரப்பர் பசையைக் கரப்பான் தொடவில்லை. அப்புறம் வேறு சில ஆஸ்பத்திரிகளுக்கும் அட்டை செய்து கொடுத்தேன். ஒரே ஊரில் நான் அத்தனை காலம் தங்கியது அதுதான் முதல் தடவை. மஞ்சள் கல்லையும் வீணாக்கவில்லை. பிளேட் இல்லாமல் கண்ணால் நேரே பார்க்கிற அட்டைக்கு அதுதான் நல்லது.

அன்று காலை அதெல்லாம் தெரியாது. பிளேட்டைத் திரும்ப வாங்கிக் கைலியில் சுற்றினேன். முழு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் அட்டை வேண்டுமானால் ஒரு சாக்குக் கல்லாவது வேண்டும். இந்தத் தடவை நீலம். ஈப்போவில் பிளேட்டை டாக்டர் மேசையில் வைத்தேன். டூலாங்கை எடுத்துக்கொண்டு அப்படியே லகாட்டுக்கு நடந்தேன்.