துருக்காரியின் புள்ளி

வலது கை உப்புத்தாளால் பலகையைத் தேய்க்கிறது. இடது கை தூளைத் தள்ளுகிறது. வாயில் ஒரு ஆணி. ஆணியை எடுக்கச் சொன்னேன். "பல்லு என்னோடது, சிஸ்டர்" என்றார், எடுக்காமலே.

தெருவில் அவருக்குத் துருக்காரி என்று பெயர். நேற்று அறுத்த பலகைக்கு ஐம்பது வயது ஏற்றிவிடுவார். நீலம் அடித்து, அது காய்ந்ததும் மேலே வெள்ளை அடித்து, தகடு வைத்து எழுத்தும் படகும் கடற்பறவையும் பதித்து, சங்கிலியால் நாலு சாத்து சாத்துவார். பிறகு தேய்ப்பு. கடைசியில், வினிகரில் இரும்பு நார் ஊறிய தண்ணீரைத் திருகாணிக்குக் கீழே மட்டும் வழியவிடுவார். ஒருநாள் நான் மேலே விட்டுவிட்டேன். "துரு என்ன, ஏணி வெச்சா ஏறும்?" என்றார். கடலோரக் குடியிருப்புகளில் வீட்டுச் சுவருக்கு இப்படிப் பழசாகத் தெரியும் பலகைகளைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கைக்குப் பயிற்சி கொடுக்க என்னை வைத்தார்கள். நான் கொடுத்த ரப்பர் பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்கு வீசிவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை, பந்தைவிட நல்ல பயிற்சி. அசைவு திரும்பிவிட்டது. உணர்வு திரும்பவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியாது.

"இடது கையால தேய்ங்களேன்."

"அது தேய்ச்சா மனுஷி தேய்ச்ச மாதிரி இருக்கு. இது தேய்ச்சாத்தான் காத்து தேய்ச்ச மாதிரி இருக்கும்."

ஒரு குடியிருப்புச் சங்கம் முப்பது வீட்டுக்கும் பலகை கேட்டிருந்தது. மாதிரி சரியில்லையென்றால் முப்பதையும் இயந்திரத்தில் அச்சடித்துவிடுவது என்று, கடையைக் கவனிக்கும் மகள் முடிவு செய்திருந்தாள். பிறகு பட்டறையைப் பூட்டிவிடலாம். அம்மா பந்து அமுக்கலாம்.

சங்கச் செயலாளர் வருவதற்கு முதல்நாள் மாதிரி தயாரானது. மகள் வாசித்துப் பார்த்தாள். ‘கடல் எங்கள் முற்றம்’ என்று பதித்தது, ‘கடல எங்கள் முற்றம்’ என்று நின்றது. லகரத்தின் புள்ளியை உப்புத்தாள் தின்றுவிட்டது.

"ஏம்மா, முற்றத்துல கடல காயப் போட்டிருக்கா? தோலோடவா, உரிச்சதா?"

"உரிச்சதுதான். உன் வாய அடைக்க."

ஒரு புள்ளி வைத்துவிடலாமே என்றேன். பரிதாபமாகப் பார்த்தார். "இன்னைக்கு வெச்சது இன்னைக்கு வெச்சதாத்தான் தெரியும். கெழவி வாயில கட்டுன பல்லு மாதிரி பளிச்சுனு நிக்கும்." என்னுடையதும் கட்டிய பல்தான். நான் பொருட்படுத்தவில்லை.

மகள் குரலை இறக்கினாள். "போதும்மா. கைதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குதே."

"இந்தக் கை கேக்காது. அந்தக் கை விரல் கேக்கும்."

எழுத்து பதித்துக் காய்ந்திருந்த வேறொரு பலகையை இழுத்தார். இடது சுட்டுவிரலால் புள்ளியை மூடிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார். வலது கை எல்லை தாண்டினால் இடது விரலில் தோல் உரியும். உரிந்தால் உடனே தெரியும். கையுறை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஐந்து புள்ளிகளையும் அப்படியே கடந்தார். முடித்தபோது விரல்நுனி ரணமாகிவிட்டது. மருந்து போட்டேன். முகம்கூடச் சுளிக்கவில்லை.

மறுநாள் காலை செயலாளர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யார் வீட்டுச் செவுத்துலேர்ந்து கழட்டினது? நாங்க புதுசால்ல செய்யச் சொன்னோம்."

மகள் உள்ளே போய், தேய்க்க வேண்டிய மீதிப் பலகைகளைத் தூக்கிவந்து மேசையருகே சாய்த்தாள். துருக்காரி இடது சுட்டுவிரலை என்னிடம் நீட்டினார்.

"துணி ஒரே ஒரு சுத்து போடுங்க, சிஸ்டர். ரெண்டு போட்டா உப்புத்தாள் படுறது எனக்குத் தெரியாது."