ஆறு மணி என்றார் பீலிக்ஸ்

ஜெர்மனியின் எசன் நகரில் ட்றாம் ஓட்டும் பீலிக்ஸ், வேலையில் ஒரு நிமிடம் பிந்தமாட்டார். அதே மனுசன் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மைக்கைப் பிடித்தால் வாயில் வருகிற நேரமெல்லாம் பொய். கிறிஸ்மஸ் ஒளிவிழா ஏழு மணிக்கு என்றால் ஐந்து என்பார். அப்படிச் சொன்னால்தான் சனம் ஏழுக்காவது வந்து சேரும். சனத்துக்கும் இது தெரியும். "பீலிக்ஸ் அண்ணையின்ர ஐஞ்சு மணிதானே" என்று பகிடி பண்ணிக்கொண்டு ஆறுதலாகச் சேலை கட்டும். யாருக்கும் நட்டமில்லாத பொய் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து ஓடிவந்தவர். அகதி முகாமில் நெருக்கியடித்துப் படுத்த அறையில் அவருக்கிருந்த ஒரே துணை, பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு கசெற். அதில் பாடியது டின் அம்பிரெல்லாஸ் என்ற இங்கிலாந்துக் குழு. கடலோரச் சின்னப் பட்டினம் ஒன்றின் நாலு பொடியன்கள். மூன்று நிமிடப் பாட்டுகள், துள்ளுகிற கிற்றார், பல்லவி வந்ததும் நாலு குரலும் சேர்ந்து மேலே ஏறும். கை தானாகத் தாளம் போடும். சொற்களைக் கவனித்தால் மட்டும் முழுக்கத் துக்கம். தம்பி செத்த செய்தி ஊரிலிருந்து வந்த கிழமை அந்தக் கசெற் ஓயாமல் சுழன்றது. அழுதுகொண்டே கால் ஆட்ட முடியும் என்பது பீலிக்ஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குழுவை அவர்களுடைய நாட்டிலேயே ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. அவர்களில் அரைவாசித் திறமைகூட இல்லாதவர்கள் ரீவியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இவர்களோ தாங்களே வான் வண்டி ஓட்டி ஜெர்மனிக்கு வந்து, பாதி காலியான மண்டபங்களில் பாடிவிட்டுப் போனார்கள். அதை நினைத்தால் பீலிக்ஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். எசனுக்கு அவர்கள் வரும்போதெல்லாம் முன்னால் போய் நிற்பார். பாடகர் கொலினுக்கு இந்தக் கறுத்த முகம் நன்றாகப் பழகிவிட்டது.

2005இல் வந்தபோது கூட்டம் மகா மோசம். அடுத்த வருடமும் இப்படியென்றால் குழுவைக் கலைத்துவிடப் போவதாக, சாமான் ஏற்றியபடியே கொலின் சொன்னார். பீலிக்ஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய ஆட்களால் மண்டபத்தை நிரப்பிக் காட்டுவதாக அரைகுறை ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. பாட்டு எட்டு மணிக்கு. அயலவர் சத்தம் பொறுக்கமாட்டார்கள், பத்துக்கு நிறுத்தியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் எங்கள் சனம் பத்துக்கு வந்து பூட்டிய கதவைத்தான் பார்க்கும் என்று பீலிக்ஸ் கணக்குப் போட்டார். வழக்கம்போல ஆறு என்று அறிவித்தார். மனைவி மக்டலீனிடமும் ஆறு என்றே சொன்னார். மனைவியின் காதில் விழுந்தது ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம்.

அன்று அவருக்குப் பின்னேர வேலை. ட்றாம் ஓட்டும்போது போனை நிறுத்தி வைக்க வேண்டும். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சீருடையும் கழற்றாமல், மழையில் ஓடி வந்தார். வாசலில் கூட்டத்தைக் காணவில்லை. மக்டலீன் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றார். கூறைச்சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில், எல்லாருக்குமாகப் பொரித்துக் கொண்டுவந்த றோல்ஸ் தட்டு.

"எங்க எல்லாரும்? இனித்தான் வருவினமோ?"

"வந்திட்டுப் போட்டினம்."

பீலிக்ஸுக்கு விளங்கவில்லை.

"வெள்ளைக்காரரின்ர மண்டபம், என்ர மனுசன் இத்தினை வருசமாக் காவித் திரியிற ஆசை, இந்த ஒருக்கா மட்டும் நேரத்துக்கு வாங்கோ எண்டு வீடு வீடாப் போன் எடுத்துக் கெஞ்சினனான். ஆறு அடிக்க முதலே வந்து நிண்டிச்சினம். கைக்குழந்தையோட எவ்லின். ஊன்றுகோலோட ஜேசுரட்ணம் அண்ணை. கதவு பூட்டு. தட்டினன், ஒருத்தரும் இல்லை. உங்களுக்குப் போன் எடுத்தா, அதுவும் நிப்பாட்டிக் கிடக்கு. மழைக்குள்ள பிள்ளையள் நடுங்கத் துவங்கிட்டுதுகள். விடிஞ்சாப் பள்ளிக்கூடம். பாவங்கள், எவ்வளவு நேரம் நிக்கிறது?" மக்டலீன் இப்போது திறந்து கிடந்த கதவைக் காட்டினார். "என்னட்டையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

பீலிக்ஸுக்கு வெட்கமாக இருந்தது. அவர் பொய் சொல்லியே பழக்கிய சனம், அவருக்காக ஒரே ஒரு நாள் அவர் சொன்னதை நம்பியிருக்கிறது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு ஜெர்மன்காரர் பியரோடு நின்றார்கள். டின் அம்பிரெல்லாஸ் பாடினார்கள். நரைத்த நாலு தலைகள், அதே பல்லவி. இந்த முறை பீலிக்ஸின் கால் ஆடவில்லை. கடைசியில் கொலின், இதுதான் தங்களுடைய கடைசி மேடை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கிற்றாரைக் கழற்றினார்.

வாசலில் சாமான் ஏற்றும்போது கொலின் பீலிக்ஸைப் பார்த்துச் சிரித்தார். உன்னுடைய ஆட்கள் எங்கே என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை.

"எங்கட ஆக்களுக்கு நேரம் எண்டாலே தெரியாது" என்று பீலிக்ஸ் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லி முடிந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

அவ்வளவு ஆங்கிலம் மக்டலீனுக்கும் விளங்கும். அவர் மழைக்குள் இறங்கி வந்தார்.

"அவையள் நேரத்துக்கு வந்தவை. இந்த மழையில நிண்டவை. சொல்லுங்கோ அவருக்கு."

பீலிக்ஸ் கொலினைப் பார்த்தார். கொலின், பரவாயில்லை என்பதுபோல அவருடைய தோளில் தட்டிவிட்டு வானில் ஏறினார்.

"சொல்லுங்கோ" என்றார் மக்டலீன், திரும்பவும்.

வான் போய்விட்டது. மக்டலீன் தட்டை அவர் கையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தார். றோல்ஸ் ஒன்றுகூடக் குறையவில்லை.