ரயிலை முந்தும் இசபெல்

ரயில் இருக்கையில் குனிந்து இரண்டாவது முடிச்சையும் இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தார் இசபெல். வயது நாற்பத்தெட்டு. காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை. அலுவலகப் பாவாடைக்குக் கீழே பச்சை நிற ஓட்டக் காலணி.

"புது சீட்டு, புது லைட்டு, ஏர்கோன் வேற குளுகுளுன்னு இருக்கு. ஓட மட்டும் மாட்டேங்குது லா," என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த என்னிடம்.

நகர இலகு ரயிலைப் புதுப்பித்து ஐந்து மாதமாகிறது. பழைய ரயில் பதினான்கு நிமிடத்தில் கடந்த தூரத்துக்கு இது இருபத்து நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கடைசி வளைவில் ஊரும், நிற்கும், மறுபடி ஊரும். விரைவில் வேகம் கூடும் என்ற அறிவிப்பும் பழசாகிவிட்டது.

இசபெலின் கவலை, கடைசி நிலையத்தில் மாறி ஏற வேண்டிய ஐந்து மணி கொமுட்டர் என்ற புறநகர் ரயில். அதைப் பிடித்தால் ஆறு மணிக்கு வீடிருக்கும் செரண்டா. நிலைய வாசலில் கணவர் காப்ரியல் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பார். ஆறே காலுக்கு அவர் இரவு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அவர் காலையில் திரும்புமுன் இசபெல் புறப்பட்டுவிடுவார். ஒரே வீட்டில் வாழும் இருவருக்கும் வாரநாளில் வாய்ப்பது அந்தக் கால் மணி நேரம்தான்.

"போன மாசம் முழுக்க அவரு மூஞ்சிய ஞாயித்துக்கிழமை சர்ச்சுலதான் பார்த்தேன், அண்ணே."

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கடைசி நிலையத்துக்கு ஒன்று முன்னதாகவே இறங்கி ஓடுவது.

கதவு திறந்ததும் பாய்ந்தார். அதே கொமுட்டரைப் பிடிக்க வேண்டிய நானும் பின்னால் ஓடினேன். ரயில் பாலத்துக்குக் கீழே பழக்கடை, சாவிக்கடை, தேங்கிய மழைநீர், எதுவும் அவரைத் தடுக்கவில்லை. என் தொப்பை எனக்கு முன்னால் ஓடியது. தலைக்கு மேலே, நாங்கள் இறங்கிய அதே ரயில் வளைவில் நின்றது.

"பார்த்தீங்களா, இன்னும் அங்கேயேதான் நிக்குது," என்றார் திரும்பாமலே.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பள்ளி ஓட்டப்போட்டியில் ஒருவரையும் முந்தாதவன் நான். இன்று ஒரு ரயிலையே முந்திக்கொண்டிருந்தேன்! கொமுட்டர் கதவு மூடும் ஒலி கேட்கும்போது இருவரும் உள்ளே விழுந்தோம்.

செரண்டாவை அடைந்தபோது ஆறு மணி ஆறு நிமிடம். இதைப் பார்க்காமல் போக மனமில்லாமல் நானும் இறங்கினேன். காப்ரியல் தலைக்கவசம் மாட்டி இஞ்சினை முடுக்கியிருந்தார். கைப்பிடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் இரண்டு தொங்கியது.

"இன்னிக்கும் விட்டுட்டியோன்னு நெனச்சேன்," என்றார்.

ஆறே காலுக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. இசபெல் மூச்சு வாங்கியபடியே கையை நீட்டி, வண்டிச் சாவியைத் திருப்பி உருவித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.