மூன்று இரவு மெத்தை

மெத்தையின் நடுவில் முழங்கையால் ஒரு குத்து, நாலு மூலைகளிலும் ஒவ்வொரு குத்து. பஞ்சு எழும்பி வரும் வேகத்தைப் பார்த்தபடியே மெத்தைக்காரம்மா கேட்டாள்: "படுத்தவருக்கு என்ன வயசு? மேல வந்து எத்தனை நாளாச்சு?"

மெத்தையைத் தோளில் தூக்கி வந்திருந்த விடுதி மேலாளருக்கு எரிச்சல். "எழுபத்தி மூணு. நேத்துதான் வந்தாங்க. ராத்திரி பூரா புரண்டாராம். மேடும் பள்ளமுமா இருக்காம்."

"மேடு மெத்தையில இல்ல தம்பி. நாம நிக்கிறோமே, அதுதான் மேடு."

அவளுக்கு அறுபத்தேழு வயது. பேருந்தில் ஏறி வந்தால் காது அடைத்துக்கொள்ளும் உயரத்தில், ஒரே அறையில் முப்பது வருடமாக மெத்தை தைக்கிறாள். நூலைப் பல்லில் கடித்திருந்தாலும் பேச்சு நிற்காது. அவளே முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்ந்துதான் தூங்குவாள். கேட்டால், "ராணிங்க இப்படித்தான் தூங்குவாங்க" என்பாள்.

திரும்பி வரும் மெத்தைகளுக்கு அவளிடம் ஒரே வைத்தியம். ஒரு தையலையும் பிரிக்காமல் வெயிலில் சாய்த்து வைப்பாள். இரண்டு நாள் கழித்து அப்படியே அனுப்பிவிடுவாள். காற்று மெலிந்த இந்த மலை உயரத்துக்கு வரும் வயதானவர்களுக்கு முதல் ஓரிரு இரவுகள் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். கண் அயர்ந்ததும் மூச்சு ஒரு கணம் நிற்கும்; திடுக்கென்று விழித்துக்கொள்வார்கள். உடம்பு பழகியதும் தூங்கிவிடுவார்கள். பாராட்டு மெத்தைக்குப் போகும்.

இந்த முறை குட்டு உடைந்தது. "போன மெத்தையில தையல் மேல பென்சில் கோடு போட்டு அனுப்பினேன். கோடு கலையாம திரும்பி வந்துது. பேசாம நாப்பது அறைக்கும் ஃபோம் மெத்தையே போட்டுடலாம்னு முதலாளி சொல்றாரு" என்றார் மேலாளர்.

நாற்பது மெத்தை என்பது அவளுடைய ஒரு வருட வேலை. ஆனாலும் அசரவில்லை. "இதே மெத்தைய அதே ஐயாவுக்குப் போடு. இன்னும் ரெண்டு ராத்திரி போகட்டும், உடம்பு பழகிடும். நானே வந்து பாக்குறேன். அவர் தூங்கலைன்னா தாராளமா ஃபோம் வாங்கிக்க."

சொன்ன காலையில் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு விடுதிக்குப் போனாள். பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முகமெல்லாம் சிரிப்பு. "நேத்து அசந்து தூங்கிட்டாரும்மா. எழுப்பவே முடியல."

"ஜெயிச்சுட்டீங்க" என்று மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெத்தைக்காரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு இரைத்தது. உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. "ஐயா, கதவு வரைக்கும் நடங்க பாப்போம்." எழுந்தவர் இரண்டே எட்டில் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார்.

"இது தூக்கமில்லம்மா, மயக்கம். இப்பவே கீழ இறக்கணும்."

"பழகிடும்னு நீங்க சொன்னதா மேலாளர் சொன்னாரே?" என்றார் மனைவி, சிரிப்பு மறைந்து.

"சொன்னேன். இவருக்குப் பழகல."

"அப்போ நம்ம பந்தயம்?" என்று இழுத்தார் மேலாளர்.

"நான் தோத்தேன்னே வச்சுக்கப்பா. ஃபோம் வாங்கிக்க. முதல்ல டாக்டருக்கு போன் போடு, ஆக்சிஜனோட வண்டி வரணும்னு சொல்லு."

மேலாளர் போனை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் பெரியவரைச் சாய்த்து உட்காரவைத்தாள். தரையில் மண்டியிட்டு, அவருடைய கால்களை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து, ஷூவை மாட்டி, நாடாவை முடிந்தாள்.