பாட்டு நடுவில் திறந்த கதவு

அரங்க மேலாளர் போனில் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கச்சேரி நடுவில் என் அக்கா கதவை அகலத் திறந்துவிட்டு, சிரித்துக்கொண்டு நின்றாளாம். காரணம் எழுதிக் கொடுக்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாமாம்.

யார், என் அக்காவா? பத்தொன்பது வருடமாக அங்கே கதவு பார்க்கிறவள். பாட்டு நடக்கும்போது மந்திரியே வந்து நின்றாலும் விடமாட்டாள். கைதட்டல் கேட்டால்தான் திறப்பாள். உள்ளே என்ன பாடினார்கள் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

அதுவும் அத்தான் போய்ப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிய மனுஷன்; மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது. அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வேலையாவது அவளைப் பிடித்து நிறுத்தும் என்று நான்தான் போகச் சொன்னேன்.

விழுந்தடித்து ஓடினேன். சீருடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. பித்துப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். பயத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

இன்றைக்குத் தாமதமாக யாருமே வரவில்லையாம். கதவுக்கு வெளியே நடை காலியாக இருந்ததால் காது தானாக உள்ளே போயிருக்கிறது. பாடிய அம்மாள் ஒரு சுரத்தில் தொடங்கி, எங்கெங்கோ ஏறிப்போய், திரும்புவது போலப் பக்கத்தில் வந்து வந்து நழுவினாராம்.

"வந்துடு, வந்துடுன்னு நெஞ்சு அடிச்சுக்குது. கடைசியில மெதுவா இறங்கி, கிளம்பின எடத்துக்கே வந்து நின்னுச்சு. அப்படி ஒரு சந்தோஷம்டி எனக்கு. போனது வந்துடுச்சேன்னு கையே கதவைத் திறந்துடுச்சு."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவருக்குத்தான்."

காலி நடையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அவர் போயி மூணு வாரம்கூட ஆகலை. நான் எப்படிடி சிரிச்சேன்?" என்றவள், அப்படியே உடைந்து அழுதாள். பதினேழு நாள் அழுகை. நானும் சேர்ந்து அழுதேன்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் காகிதம் கேட்டாள். உடம்பு சரியில்லை என்று எழுதச் சொன்னேன், எழுதினாள். நாளைக்கும் அந்த அம்மாள்தான் பாடுகிறாராம், வந்தே தீருவேன் என்றாள்.

"மறுபடியும் திறந்துட்டா என்னக்கா பண்றது?"

"கேட்பேன். ஆனா திறக்க மாட்டேன்டி. வெளியில யாரும் இல்லைன்னு பார்த்துட்டேனே."