வலி நின்ற பல்

பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன்; மறதியும் உண்டு.

கடைவாய்ப் பல் வலித்தபோது எங்கள் கொடி மிளகை நுணுக்கி வைத்தேன். சில நாளில் வலி நின்றது. பல்வலி என்று சொன்ன தங்கைக்கும் அதையே சொன்னேன்.

பிறகு என் ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தது. மலையிறங்கி இராசிபுரம் போனேன். பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது.

"அங்க எலும்பு கரைஞ்சிருக்குங்கம்மா. நரம்பு செத்ததாலதான் வலி நின்னுச்சு. கிருமி உள்ளயே இருக்கு."

"கிருமி எலும்பைத் தின்னுதுங்களா?"

"இல்லீங்க. கிருமியோட சண்டை போடுற உங்க ஒடம்பு அணுக்கள் விடாம சேதி அனுப்புது. அதைக் கேட்டு எலும்பைக் கரைக்கிற அணுக்கள் வந்து சேருது. வேரைச் சுத்தம் பண்ணுனா சண்டை ஓயும், எலும்பும் மெல்ல வளரும்."

தங்கைக்குச் சொன்ன மிளகு நினைவுக்கு வந்தது. பஸ் ஏறி நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மரவள்ளிக் கிழங்கு மென்றுகொண்டிருந்தாள்.

"உன் மிளகு கெட்டிக்கார மிளகுக்கா. வலியே இல்ல" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"காலைல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு கண்ணு."

"வலிக்காத பல்லுக்கு எதுக்குக்கா பஸ்ஸு?"

நாளை எப்படியும் கூட்டிப்போவேன். டாக்டரம்மா சொன்னதை நான் மாற்றி எழுதியிருந்தால், தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை தப்பாகச் சொல்லிவிட்டேன்.