டை கட்டியவனுக்குத் தெரியாத சிங்களம்

சில நூற்றாண்டுகளுக்கு முன் பிரான்சில் இருந்த ஒரு கட்டுரைக்காரரை, வாத்தியார் வேலை கிடைத்த நாளிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். படிப்பும் அறிவும் ஒன்றல்ல, உடுப்பைப் பார்த்து ஆளை மதிக்காதே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகு. இதுதான் அவரிடம் நான் கற்றது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு போட்டு என்ன பிரயோசனம்!

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அக்காவுக்குப் போன வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மலை ஏற முடியவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிதான் உடுத்துவோம். தோட்டத்து ஆள் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம். அக்கா பட்டுச்சேலை கட்டி, வெளிறிய முகத்தில் பவுடர் பூசிக்கொண்டாள். நான் காலில் சப்பாத்து, கழுத்தில் டை.

"நீ கூட வர்றப்ப எனக்கென்ன தம்பி பயம்?" என்றாள்.

டாக்டர் நல்ல மனுஷர். "சிங்களம் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். டை கட்டியவன் தெரியாது என்பானா? கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் டிக்கட் எடுக்கவும் போதுமான சிங்களம்தான் என்னுடையது. தெரியும் என்றேன். அவர் பொறுமையாகப் பத்து நிமிஷம் விளக்கினார். நாலைந்து சொல் பிடிபட்டது. திரும்பக் கேட்க வெட்கம் பிடுங்கித் தின்றது. சரி, சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி, ஹரி" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன், முட்டாள்!

வெளியே வந்து, "பயப்பட ஒண்ணுமில்ல, மருந்து குடிச்சா சரியாயிரும்" என்று அக்காவிடம் சொன்னேன். மருந்து முடிய முடிய பார்மசியில் அதையே வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. மறுபடி கூட்டிப் போனேன். அன்றைக்குத் தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் இருந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போன தடவ வந்தப்பவே டாக்டர், அடுத்த கிழமையே வந்து வார்ட்டுல சேரச் சொன்னாராமே. கண்டிக்கு அனுப்பி நெஞ்சுல ஆபரேஷன் செய்யணும்னு சொன்னதுக்கு நீங்க சரின்னீங்களாம். இப்ப அவங்க ஒடம்பு தாங்காதுங்கிறாரு. ஏன் சேர், கூட்டிட்டு வரல?"

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவனக் கோவிக்காதீங்க மிஸ்ஸி. தம்பி அன்னைக்கே எல்லாம் வெவரமா சொல்லிருச்சு. நாந்தான் பயந்துக்கிட்டு வரமாட்டேன்னுட்டேன்."

அது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.